மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? பேரிடர்ச் சேதம், நில மாற்றம், செயற்கைக்கோள் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலோ வெள்ளமோ வந்துபோன ஊர்களில் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் போட்டு விளக்குவது என் வேலையின் ஒரு பகுதி. டெல்டாவின் தென்னை விவசாயிகள், சென்னைப் புறநகரின் குடியிருப்போர் சங்கத்தினர், புவியியல் படிக்கும் மாணவர்கள் என்று எதிரே அமர்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். பேச்சு நடையை மட்டும் எழுத்துக்கு மாற்றி, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

செயற்கைக்கோள் எங்கள் ஊரை எந்நேரமும் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறது?

இல்லை. எந்நேரமும் பார்ப்பவை இன்சாட் வகை வானிலைக் கோள்கள். அவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நின்று பார்க்கின்றன. புயலின் கண் தெரியும். உங்கள் தெரு தெரியாது.

சேதத்தைப் பார்க்க உதவுபவை சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிவருபவை. ஓர் ஊரின் மேல் வந்தால் மீண்டும் அதே இடத்துக்கு வரச் சில நாட்கள் ஆகும். ஐரோப்பாவின் சென்டினல்-2 இரட்டைக் கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை, அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை, நம் ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கேமரா 24 நாளுக்கு ஒருமுறை. இவை நம் பகுதியைக் கடப்பது பெரும்பாலும் காலை பத்தரை மணியை ஒட்டி. கார்ட்டோசாட்-3 போன்றவை பக்கவாட்டில் சாய்ந்து பார்க்க வல்லவை என்றாலும், எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டிக் கட்டளை அனுப்ப வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் என் வீட்டு மாடித் தொட்டிகூடத் தெரிகிறது. புயலுக்கு மறுநாள் திறந்து பார்த்தேன், ஒரு சேதமும் இல்லையே?

நீங்கள் பார்த்தது பழைய படம். அது பல மாதங்களுக்கு, சில ஊர்களில் பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். வெவ்வேறு நாட்களில் எடுத்த துண்டுகளை ஒட்டித்தான் அந்த வரைபடத்தை உருவாக்குகிறார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் வேறுவேறு ஆண்டைச் சேர்ந்தவையாகவும் இருக்கும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது 'இது எந்தத் தேதியில் எடுத்தது?' என்பதைத்தான். தேதி இல்லாத படத்தை வைத்துச் சேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது.

எவ்வளவு சிறிய பொருள் வரை தெரியும்?

படம் சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு. நம் ஊர் அளவில் சொல்கிறேன். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் புள்ளி 30 மீட்டர், 22 சென்ட். ரிசோர்ஸ்சாட்டில் உள்ள அவிஃப்ஸ் கேமராவுக்கு ஒரு புள்ளியே முக்கால் ஏக்கருக்குச் சற்று அதிகம். கார்ட்டோசாட்-3 எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தின் புள்ளியோ 25 சென்டிமீட்டர்தான்.

ஆக, 600 சதுர அடி வீடு சென்டினல் படத்தில் அரைப் புள்ளி. அந்த வீட்டின் ஓடு பறந்ததை அதில் தேடிப் பயனில்லை. ஆனால் 50 ஏக்கர் சம்பாப் பயிர் மூழ்கியதை அதே படம் தெளிவாகக் காட்டும்.

அப்படியானால் எல்லா இடத்தையும் 25 சென்டிமீட்டரிலேயே எடுத்துவிடலாமே?

நுணுக்கமாகப் பார்க்கும் கேமரா ஒரே நேரத்தில் குறுகலான பட்டையைத்தான் பார்க்கும். கார்ட்டோசாட்-3 பார்க்கும் அகலம் சுமார் 16 கிலோமீட்டர், சென்டினல்-2 பார்ப்பது 290, அவிஃப்ஸ் 740. ஒரு மாவட்டம் முழுவதையும் கார்ட்டோசாட்டால் எடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். அதனால் பருமனான, அதாவது புள்ளி பெரிதான, படத்தில் எங்கே அடி விழுந்திருக்கிறது என்று தேடி, அந்த இடத்தை மட்டும் நுணுக்கமான கேமராவால் பார்ப்பதே வழக்கம்.

வெள்ளம் வரும்போது வானம் முழுவதும் மேகம்தானே, பிறகு எப்படிப் படம் எடுப்பார்கள்?

சாதாரணக் கேமராவால் முடியாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டியது. அந்த நேரத்தில் சென்னையை மேலிருந்து படம் எடுத்திருந்தால் வெள்ளைப் பஞ்சுதான் கிடைத்திருக்கும்.

அங்கேதான் ரேடார் உதவுகிறது. ரேடார் கோள் தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. நிலம், செடி, மண்கட்டி எல்லாம் அலையைப் பல பக்கமும் சிதறடிப்பதால் ஒரு பகுதி திரும்பி வரும். அசையாத தண்ணீர் கண்ணாடிபோல் அலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதால் ஒன்றும் திரும்பாது. படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தில் சாம்பல் நிறமாக இருந்த இடம் இப்போது கறுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஏரி, ஆறு, கடல் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதற்கு நீலம் தீட்டி வெள்ள வரைபடமாக வெளியிடுகிறார்கள். இந்தியாவுக்கு 2012-இல் ரிசாட்-1, பிறகு 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04 ஆகியவை இந்த வேலைக்கானவை. ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் அனைவருக்கும் இலவசம்.

எங்கள் தெருவில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வெள்ள வரைபடத்தில் எங்கள் தெரு நீலமாகவே இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் குரலில் எப்போதும் ஒரு வருத்தம் இருக்கும். அது நியாயமான வருத்தம்.

காரணம் இரண்டு. முதலாவது, கட்டடங்கள். வயலில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும் என்றேன். தெருவில் தேங்கிய நீரில் பட்ட அலை எதிரே உள்ள சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். அதனால் அந்த இடம் கறுப்பதற்குப் பதிலாகப் பளிச்சென்று வெளுக்கும். கட்டடங்கள் வறண்ட நாளிலும் வெளுப்பாகவே தெரிவதால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். குறுகலான தெருக்கள் ரேடாரின் நிழலிலும் மறைந்துபோகும். நெருக்கமான நகருக்குள் ரேடார் வெள்ள வரைபடம் குறைத்தே காட்டும். இது இந்த முறையோடு பிறந்த குறை.

இரண்டாவது, நேரம். நள்ளிரவில் ஏறிய தண்ணீர் மறுநாள் மதியத்துக்குள் இறங்கியிருந்து, கோள் மாலையில் கடந்திருந்தால் அது பார்த்தது ஈரத் தரையை மட்டுமே. ஆகவே வெள்ள வரைபடத்தின் நீலத்தைக் 'குறைந்தது இவ்வளவு இடம் மூழ்கியது' என்று படிக்க வேண்டும். 'இவ்வளவுதான் மூழ்கியது' என்று படிப்பது தவறு. அந்த ஒரு சொல் வேறுபாட்டில் பல குடும்பங்களின் நிவாரணம் இருக்கிறது.

நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டியிருந்தால் அதையும் வெள்ளம் என்று சொல்லிவிடாதா?

சொல்லிவிடும், கவனிக்காவிட்டால். சேறடித்துத் தண்ணீர் நிற்கும் தாளடி வயலும் வெள்ளம் புகுந்த வயலும் ரேடாருக்கு ஒன்றுதான். உள்ளூர்ப் பயிர்க் காலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் டெல்டாவின் வெள்ள வரைபடத்தைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எதிர்த் தவறும் நடக்கும். கதிர் வாங்கிய பயிரின் காலடியில் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றாலும் தாள்கள் மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், முந்தைய பதிலில் சொன்ன சுவரைப் போலவே அவை அலையைத் திருப்பியனுப்பும். கதிர் கீழே அழுகிக்கொண்டிருக்க, படம் அதை நல்ல பயிர் என்று சொல்லும்.

தம்பி, கஜாவில் என் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. படத்தில் பச்சையாகவே இருக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் மூன்று தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் போயின. அந்தத் தோப்புகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது நானறிந்த வேலைகளிலேயே சிக்கலானது.

பயிர் நலனை அளக்க நாம் பயன்படுத்தும் கணக்கு பச்சையத்தை நம்பியது. பச்சையான இலை சிவப்பு ஒளியை விழுங்கி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்து ஓர் எண் வரும். விழுந்த தென்னையின் மட்டை அன்றே காய்ந்துவிடுவதில்லை. தரையில் கிடந்தபடியே பல நாட்கள் பச்சையாக இருக்கும். மழைக்குப்பின் தோப்பின் அடியில் புல்லும் தழைக்கும். புயலுக்கு மறுவாரம் எடுத்த படத்தில் எண் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். ஓரிரு மாதம் கழித்துப் பார்த்தால் சரிவு தெரியும். இன்னொன்றும் உண்டு. நின்றுகொண்டே குருத்து முறுக்கப்பட்ட மரங்கள் மேலிருந்து பார்க்க நல்ல மரங்களாகவே தெரியும். சில மாதங்களில் பட்டுப்போகும்.

மரத்தை எண்ண வேண்டுமென்றால் நுணுக்கமான படம் வேண்டும். தென்னையை 25 அடி இடைவெளியில் நடுகிறோம். சென்டினலின் ஒரு புள்ளிக்குள் ஒன்றிரண்டு மரம் அடங்கிவிடும். அரை மீட்டர் படத்தில் நிற்கும் தென்னை நட்சத்திரம்போல் விரிந்த தலையோடும் நீண்ட நிழலோடும் தெரியும். விழுந்த மரத்துக்கு அந்த நிழல் இருக்காது. தரையில் ஒரு வெளிர்க்கோடு கிடக்கும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதும் புரியும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது சீப்பால் வாரியதுபோல் இருக்கும். அதற்குமேல் அதை விவரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

எத்தனை வீடு இடிந்தது என்று சரியாகச் சொல்ல முடியுமா?

முழுவதும் தரைமட்டமானதைச் சொல்ல முடியும். பாதி இடிந்ததில் தடுமாற்றம் வரும். விரிசல் விட்டதைச் சொல்லவே முடியாது. காரணம் எளிது: மேலிருந்து தெரிவது கூரை மட்டும். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது பல அடுக்குமாடிகளின் கீழ்த் தளங்கள் நசுங்கி, மொட்டைமாடி அப்படியே கீழே இறங்கியது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அத்தகைய கட்டடம் முழுதாக நிற்பதுபோல் ஏமாற்றும். சாய்வாக எடுத்த படமும், நிழல் குட்டையாகியிருக்கிறதா என்ற கணக்கும்தான் அங்கே கைகொடுக்கும்.

நம் பக்கத்துக்கு வந்தால், கீற்றுக் கூரை பறந்தது தெரியும். கூரை நிற்க, அடியில் மண் சுவர் கரைந்து விழுந்தது தெரியாது.

வயநாட்டு நிலச்சரிவை முன்கூட்டியே படத்தில் பார்த்திருக்க முடியாதா?

2024 ஜூலை 30 அதிகாலை. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை. ஹைதராபாத்தில் உள்ள இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம், 2023 மே 22 அன்று கார்ட்டோசாட்-3 எடுத்திருந்த படத்தையும், சரிவுக்கு மறுநாள் மேகத்தினூடே ரிசாட் எடுத்த ரேடார் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் சரிவு தொடங்கியது, 86,000 சதுர மீட்டர் மலை பெயர்ந்தது, சேறும் பாறையும் ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது என்பவை அதில் கிடைத்த அளவுகள். 86,000 சதுர மீட்டர் என்பது 21 ஏக்கர். 21 ஏக்கர் மலை கீழே எத்தனை பேரின் வாழ்வை மூடியது என்று நாமெல்லாம் பார்த்தோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே இடத்தில் முன்பே ஒரு சரிவு நடந்த தடத்தை அந்த மையமே குறித்திருந்தது. 2023-இல் அது வெளியிட்ட இந்திய நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, 1998 முதல் 2022 வரை நடந்த ஏறக்குறைய 80,000 சரிவுகளைத் தொகுத்து, 147 மாவட்டங்களை ஆபத்தின்படி வரிசைப்படுத்தியது. உத்தராகண்டின் ருத்ரபிரயாக் முதலிடம்; வயநாடு 13-ஆவது. 'எங்கே' என்பதற்குப் படத்தில் விடை இருந்தது. 'எந்த இரவில்' என்பதற்கு இல்லை. அதைச் சொல்ல மலையிலேயே மழைமானி வேண்டும், மணிக்கு மணி அதைப் படிக்கிறவர் வேண்டும், படித்ததும் மக்களை எழுப்பி வெளியேற்றுகிற ஏற்பாடு வேண்டும். 'எங்கே' என்று தெரிந்த பிறகு இந்த மூன்றையும் செய்யாமலிருப்பதைச் செயற்கைக்கோளின் குறையாகச் சொல்லக்கூடாது.

நிலம் சில சென்டிமீட்டர் இறங்கியதை அத்தனை உயரத்திலிருந்து அளக்கிறார்களாமே, நம்பலாமா?

நம்பலாம். ஒரே இடத்தை ஒரே கோணத்திலிருந்து இரண்டு முறை ரேடாரால் பார்க்கிறார்கள். சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். முதல் முறை திரும்பிய அலைக்கும் இரண்டாம் முறை திரும்பிய அலைக்கும் ஏற்ற இறக்கத்தில் சிறு பிசகு இருந்தால், இடையில் தரை நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பிசகை அளந்தால் நகர்வின் அளவு கிடைக்கும். உத்தராகண்டின் ஜோஷிமத் நகரில் 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரை, 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் நிலம் இறங்கியதாகத் தேசியத் தொலையுணர்வு மையம் கணித்தது இந்த முறையில்தான்.

அந்த அறிக்கை வெளியானதும் மக்களிடையே பதற்றம் எழ, அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. வீட்டுச் சுவரில் விரலை நுழைக்கும் அளவு வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த எண்ணை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்; எடுத்துவிட்டது தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

நைசார் வந்த பிறகு என்ன மாறும்?

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது 2025 ஜூலை 30 அன்று. வயநாட்டுச் சரிவுக்குச் சரியாக ஓராண்டு கழித்து. அதில் இரண்டு ரேடார்கள். நாசாவுடையது சுமார் 24 சென்டிமீட்டர் அலை. சென்டினலின் குட்டை அலை மரங்களின் தலையிலேயே சிதறிவிடுகிறது. இந்த நீண்ட அலை இலைகளைக் கடந்து தரையைத் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலைபோல் காடு மூடிய சரிவுகளில் நில நகர்வை அளக்க இது பெரிய வரவு. ஆனாலும் அதே இடத்துக்கு அது திரும்பி வருவது 12 நாளுக்கு ஒருமுறை என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் ஏரி 30 வருடத்தில் பாதியாகிவிட்டது. படத்தை வைத்து நிரூபிக்க முடியுமா?

முடியும். லேண்ட்சாட் 1972-இலிருந்து படம் எடுக்கிறது. நம் ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. ஆனால் அவசரப்பட்டுச் செய்தால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். 2016 ஜனவரிப் படத்தையும் 2017 ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தமிழ்நாட்டின் பல ஏரிகள் ஒரே வருடத்தில் காணாமல் போனதுபோல் இருக்கும். காரணம் ஆக்கிரமிப்பு அல்ல; 2015-இல் பெருமழை, 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அவ்வளவுதான் செய்தி. நல்ல மழை பெய்த ஆண்டுகளை மட்டும் எடுத்து, ஜனவரியோடு ஜனவரியை ஒப்பிட வேண்டும்.

தண்ணீரின் ஓரம் ஏரியின் எல்லை அல்ல என்பது அடுத்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி கோடையில் வறண்டு கிடந்தாலும் ஏரிதான். அதனால் கரை, கலங்கல், மடை ஆகியவற்றைப் படத்தில் அடையாளம் கண்டு, வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை அதன்மேல் பொருத்த வேண்டும். மூன்றாவதாகப் பச்சை. ஆகாயத்தாமரை மூடிய ஏரி, படத்தில் வயல்போல் தெரியும். ஏரியின் உட்பரப்பில் மண்டிய சீமைக் கருவேலம் தோப்புபோல் தெரியும். இரண்டையும் ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுத்து அசிங்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டடமும் சாலையும் வந்ததுதான் திரும்பாத மாற்றம். அதை மட்டும் தனியாகக் கணக்கிடுங்கள்.

கடல் எங்கள் குப்பத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் தெரியுமா?

தெரியும். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு அளந்ததில் இந்தியப் பெருநிலக் கடற்கரையில் 33.6 சதவீதமும் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதமும் அரிப்புக்கு ஆளாகியிருந்தன. அலை ஏற்ற இறக்கத்தால் கரைக்கோடு ஒரே நாளில் பல மீட்டர் நகரும் என்பதால் இரண்டே படங்களை நம்பாமல் பல ஆண்டுப் போக்கைப் பார்க்க வேண்டும். காரணமும் பெரும்பாலும் படத்திலேயே இருக்கும். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம், எண்ணூர் பக்கம் மணல் வராமல் கரை தேய்ந்தது. உங்கள் குப்பத்துக்குத் தெற்கே ஏதாவது கல் சுவர் கட்டப்பட்டதா, எந்த ஆண்டில் என்று பாருங்கள்.

சில இடங்களில் கடல் வராமல் நிலமே இறங்கியும் போகிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் இன்று தண்ணீரில் நிற்கிறது.

பேரிடர் நேரத்தில் வெளிநாட்டுக் கோள்களின் படம் நமக்குக் கிடைக்குமா? நானே பார்க்க வழி உண்டா?

கிடைக்கும். விண்வெளியும் பெரும் பேரிடர்களும் குறித்த பன்னாட்டுச் சாசனம் என்று ஓர் ஏற்பாடு 2000-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இஸ்ரோ 2001-இல் சேர்ந்தது. அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்று கோரினால் உறுப்பு விண்வெளி அமைப்புகள் தங்கள் கோள்களைத் திருப்பிப் படம் எடுத்து இலவசமாகத் தருகின்றன. பஞ்சாயத்தோ தனிமனிதரோ நேரடியாகக் கோர முடியாது.

நீங்களே பார்ப்பதற்கு சென்டினல், லேண்ட்சாட் படங்கள் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையத்தளம் இருக்கிறது. 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கைப்படி அரசுக் கோள்கள் எடுக்கும் 5 மீட்டரும் அதைவிடப் பருமனுமான படங்களுக்குக் கட்டணமில்லை. கைப்பேசியைவிடக் கணினியில் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற செயற்கைக்கோள் படம் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீபாவளி இரவில் இந்தியா வண்ண வண்ணமாக ஒளிர்வதாக ஆண்டுதோறும் ஒரு படம் சுற்றுகிறதே, அது தீபாவளிப் படமே இல்லை. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரவு விளக்குகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்து, நகரங்கள் வளர்ந்ததைக் காட்டச் செய்த படம் அது. பேரிடருக்குப் பின்னும் இப்படித்தான் வேறு நாட்டு வெள்ளமும் பழைய புயலும் நம் ஊர்ப் பெயரோடு வரும். தேதி, கோளின் பெயர், வெளியிட்டவர் மூன்றும் இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவே சேதத்தைக் கணக்கிட்டுவிடுகிறதே, இனி வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்க்க வேண்டாம்தானே?

வேண்டும். கணினி, தான் பழகிய படங்களைப்போல் இருப்பதைத்தான் அடையாளம் காணும். இந்தத் துறையில் பெரிதும் பயன்படும் எக்ஸ்பிடி என்ற தொகுப்பில் 19 பேரிடர்களிலிருந்து எட்டரை லட்சம் கட்டடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் அமெரிக்கப் பேரிடர்களே அதிகம். அங்கே புயலில் பறந்த மரக்கூரையைப் பார்த்துப் பழகியது, நம் கீற்றுக் கொட்டகையையும் ஆஸ்பெஸ்டாஸ் சரிவையும் ஓட்டு வீட்டையும் சரியாகப் படிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த ஊருக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று முடிவு செய்ய அது நல்ல துணை. யாருக்கு நிவாரணம் இல்லை என்று முடிவு செய்ய அதை விடவே கூடாது.

நீதிமன்றத்தில் இந்தப் படம் செல்லுமா?

செல்லும், முறைப்படி கொடுத்தால். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் (முன்பு இது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு). திரையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கொடுத்தால் செல்லாது. தேதியும் கோளின் பெயரும் கொண்ட மூலப் படத்தைப் பெற்று, அதை ஆராய்ந்தவரின் விளக்கத்தோடு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

அரசு வரைபடத்தில் எங்கள் ஊரில் சேதம் இல்லை என்றே இருக்கிறது. இனி நாங்கள் என்னதான் செய்வது?

முதலில், 'சேதம் தெரியவில்லை' என்பதும் 'சேதம் இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த வரைபடத்துக்குப் பயன்பட்ட படம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது, ரேடாரா கேமராவா, ஒரு புள்ளி எத்தனை மீட்டர் என்று எழுத்துமூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பதில் வந்தால், மேலே சொன்ன நகரத் தெரு, கதிர் வாங்கிய பயிர், பச்சையாய்க் கிடந்த தென்னை ஆகியவற்றில் உங்கள் நிலை எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்குள் உங்கள் பக்கத்துச் சான்றைச் சேர்த்துவையுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதியும் வசதியைத் திறந்துவைத்துப் படம் எடுங்கள்; நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளவுகோல் வைத்து எடுங்கள், வெள்ளையடிப்பதற்கு முன்பே. சர்வே எண்ணையும் அடங்கல் நகலையும் இணையுங்கள். ஒருவர் தனியாகக் கொடுப்பதைவிட, தெருவில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே தாளில் வீடுவீடாக நீர்மட்டத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தாசில்தாரிடம் கொடுங்கள். வரைபடம் செய்கிற எங்களிடமும் ஒரு பிரதி வந்தால், அடுத்த முறை அந்தத் தெருவைத் திருத்திக்கொள்ள அதைவிட நல்ல தரவு எங்களுக்கு வேறில்லை.